பேசினால் மீன் ஓடிவிடும்

குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் ஏரியில் லிஃப்ட்காரர் பிடித்த முதல் கெண்டை, தண்ணீருக்கு மேலே வந்ததும், இறந்துபோன அவருடைய மனைவியின் குரலில், "என்னங்க, ஜன்னல் ஓரத்துக் கட்டில் காலியாயிருக்கு. நர்ஸ்கிட்ட சொல்லி எனக்கு அதைக் கேட்டு வாங்கறீங்களா?" என்றது. அன்று லேசாக மேகம் போட்டிருந்தது, காற்று இல்லை. மீன் முக்கால் கிலோ இருக்கும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு மற்ற கெண்டைகளைப் போலவே துடித்தது. முதலில் பேசியது கெண்டை இல்லை, கெளுத்தி என்று அங்கே தூண்டில் போடும் சலூன்காரர் இன்றும் சொல்லிவருகிறார். ஆனால் கெளுத்திக்கு மீசை உண்டு. லிஃப்ட்காரர் மீசையைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஆகவே கெண்டை என்றே வைத்துக்கொள்ளலாம்.

மனைவியின் கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில், பொது வார்டின் நடுக்கட்டிலில் கழிந்தன. எதிரே சுவர், சுவரில் சிவப்பாக ஒரு தீயணைப்பு சிலிண்டர், அவ்வளவுதான் காட்சி. அவர் தினமும் சாயங்காலம் போய்ப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காருவார். இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஜன்னல் ஓரத்துக் கட்டில் சில நாள் காலியாகத்தான் இருந்தது. அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, ஏனென்றால் தன் பையை அவர் அதன் மேல்தான் வைப்பார். மீனைக் கையில் பிடித்தபடி கரையில் நின்றவர் வெகுநேரம் கழித்து, "கேக்கறேன்" என்றார். அதற்குள் மீன் செத்திருந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் அறைக்கு வெளியே நின்று கண்ணை மூடிக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று பெயர் எடுத்திருந்தார். மனைவி போன பிறகு மகள் வீட்டுக்குக் குடிவந்தார். நான்காம் மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டாம் மாடியைத் தாண்டும்போது ஒரு முனகல் முனகும். அவர் அதைப் பற்றி வாட்ச்மேனிடம் புகார் சொன்னார், சங்கச் செயலாளரிடம் புகார் சொன்னார், ஒருநாள் மோட்டார் அறைப் பூட்டை ஸ்குரூ டிரைவரால் நெம்பிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை தங்கமான மனுஷன், முகம் சுளிக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரீல் வைத்த தூண்டில் ஒன்றும் மடக்கு நாற்காலி ஒன்றும் வாங்கிவந்து கூடத்தில் வைத்தார். "மாமா, நீங்க ஒரு காலத்துல நல்லா மீன் பிடிப்பீங்கன்னு அத்தை சொல்லியிருக்காங்க. பின்னாடி ஏரி இருக்கு. போயிட்டு வாங்க. லிஃப்ட் எங்கயும் ஓடிப்போயிடாது." மனைவி இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் எப்போது சொன்னாள் என்று அவருக்கு விளங்கவில்லை. அவளுக்கு அதிகம் பேச வராது என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

இளமையில் அவருக்கு வேறொரு ஏரி இருந்தது. அதில் எந்தப் பாறைக்குப் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த ஏரி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கே ஆழம், எங்கே பாசி, வெயில் திரும்பினால் எந்தப் பக்கம் நிழல் என்று ஒன்றும் தெரியாமல், புது ஊரில் வீட்டு எண்ணைத் தொலைத்தவர் மாதிரி கரையோரமாக நடந்தார். முன்பு குத்துக்காலிட்டே அரை நாள் உட்காருவார், இப்போது முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தூண்டில் முள்ளின் காதில் நைலான் நரம்பைக் கோக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், முடிச்சைப் பார்க்க மறுபடி மாட்ட வேண்டும். அவர் பழகியது மூங்கில் கழியில். ரீலைச் சுற்றத் தெரியாமல் சுற்றி, நரம்பு பறவைக்கூடு மாதிரி சிக்கிக்கொண்டது. முதல் சில நாட்கள் பாசியையும் ஒரு பழைய குடைக்கம்பியையும்தான் பிடித்தார். அதற்குப் பிறகுதான் அந்தக் கெண்டை.

அதன் பின் அவருக்கு மீன் கிடைப்பது வழக்கமாயிற்று, ஒவ்வொன்றும் ஒரு பேச்சு பேசுவதும் வழக்கமாயிற்று. "என்னங்க, இந்தப் பச்சைத் திரை உங்களுக்குப் புடிச்சிருக்கா, இல்ல மாத்திடட்டுமா?" "என்னங்க, எனக்கு மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, யார்கிட்டயும் சொல்லல." "என்னங்க, எதிர்வீட்டுப் பூனை நம்ம வாசல்ல நாலு குட்டி போட்டிருக்கு, வந்து பாருங்களேன்." பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு வீட்டில் ஒரு நாளில் இறைபடும் பேச்சு, அவ்வளவுதான். ஒன்றுகூட அவர் முன்பு கேட்டதில்லை. பேசிய மீனைத் தின்ன அவருக்கு மனம் வரவில்லை, விட்டுவிடுவார். விட்ட மீன் மறுபடி மாட்டினால் பேசாது. கரையில் தூண்டில் போடும் பேக்கரி அம்மா மட்டும், திரையைப் பற்றிக் கேட்ட மீனை வாங்கிப்போய்க் குழம்பு வைத்தார். ருசி சாதாரணமாக இருந்தது என்றார்.

பேக்கரி அம்மா விடிய விடிய ரொட்டி சுட்டுவிட்டு, தூங்கப் போகும் முன் ஏரிக்கு வந்து, மிஞ்சிய ரொட்டியையே இரையாக வைத்துப் பிடிப்பவர். சலூன்காரர் கடைக்கு ஆள் வராத வேளைகளில் எல்லாம் வருவார், அதாவது பெரும்பாலும் வருவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவர் தூண்டிலிலும் ஒருநாள் ஒரு மீன் மாட்டி, மேலே வந்து, "என்னங்க" என்று கூப்பிட்டது. அவர் அதைக் கோலோடு சேர்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு ரோடு வரைக்கும் ஓடினார். "என் வாழ்க்கையில என்னை அப்படி ஒரு பொம்பளைக் குரல் கூப்பிட்டதே இல்ல. முதல் தடவை கூப்பிடறப்ப அது அடுத்தவன் பொண்டாட்டி, அதுவும் மீன்" என்று பிறகு வருகிறவர்களுக்கு எல்லாம் சொல்லிக் குறைப்பட்டார். நாள் போகப் போகப் பழகிவிட்டது. யார் தூண்டிலில் பேசும் மீன் வந்தாலும் கரையில் இருந்து, "லிஃப்ட்காரரே, வீட்ல கூப்பிடறாங்க!" என்று குரல் வரும். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடுவார். பாதி நேரம் அவர் போய்ச் சேருவதற்குள் மீன் பேசி முடித்திருக்கும். பிடித்தவர் அதைத் திருப்பிச் சொல்வார். சலூன்காரர் குரலை மாற்றி இழுத்துச் சொல்வார், அதில் ஒரு தடவை சண்டை வந்து, லிஃப்ட்காரர் ஒரு வாரம் சவரம் செய்துகொள்ளாமல் இருந்தார்.

அவள் ஏன் பேசாமல் விட்டாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளையும் பழைய ஏரிக்குக் கூட்டிப்போனார். அவள் வேர்க்கடலை வறுத்து எடுத்துவந்தாள். தக்கை லேசாக ஆட ஆரம்பித்த நேரம் பார்த்து, "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு" என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலை உதட்டில் வைத்து, "ஷ்! பேசாதே. பேசினா மீன் ஓடிடும்" என்றார். அவள் விளையாட்டு என்று நினைத்து வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதன் பிறகு வேர்க்கடலையைக்கூடச் சத்தம் வராமல் மென்றாள். திரும்பி வரும்போது அவர் என்ன என்று கேட்கவில்லை. அந்த ஒரு தடவையோடு போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றே தோன்றுகிறது. ஆனால் ஒரு தடவை வேலை செய்த விரல் மறுபடி மறுபடி எழுந்தது. ரேடியோவில் செய்தி வரும்போது எழுந்தது. நின்றுபோன லிஃப்டைப் பற்றி அவர் யோசிக்கும்போது எழுந்தது. பிறகு எழ வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. வேலை கூடியது, குழந்தை பிறந்தது, மூங்கில் கழியை யாருக்கோ கொடுத்துவிட்டார், ஏரியை விட்டார். வீட்டில் மட்டும் ஏரிக்கரை அமைதி அப்படியே தங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் மற்றவர்கள் தங்கள் மனைவிகளின் வாயைப் பற்றிப் புலம்பும்போது, "எங்க வீட்ல சத்தமே இருக்காதுப்பா" என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இதை அவர் மனதில் சரி என்று ஒரு மூலையில் வைத்திருந்தார். மீன் ஓடும் என்பதால்தானே சொன்னோம், அது காரணம் இல்லாத பேச்சு இல்லையே என்று. அந்த மூலையும் ஒரு காலையில் காலியாயிற்று. பேக்கரி அம்மா ரொட்டி உருண்டையை முள்ளில் குத்திக்கொண்டே உரக்கப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் பொறுத்துப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் மெதுவா. மீன் ஓடிடும்" என்றார். அந்த அம்மா சிரித்துவிட்டார். "யாரு சொன்னா? நம்ம பேச்சு தண்ணிக்குள்ள போகாதுங்க. மேலேயே வழுக்கிட்டுப் போயிடும். நான் பாடாம என்னிக்குப் பிடிச்சேன்? காலடிதான் ஆகாது. நீங்க அந்த நாற்காலியைத் தரதரன்னு இழுத்துப் போடறீங்க பாருங்க, அதுதான் தரை வழியா நேரா உள்ள போகும். அதுக்குத்தான் அதுங்க ஓடும்." லிஃப்ட்காரர் நாற்காலியைப் பார்த்தார். பழைய ஏரியில் பூட்ஸ் காலோடு கரையில் திம் திம் என்று நடந்தது நினைவுக்கு வந்தது. அவருடைய தக்கை முழுகியது. அவர் இழுக்கவில்லை. அது தானாகவே மேலே வந்தது.

மகள் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். மீன் பேசுவதைப் பற்றி அப்பா சொன்னபோது வயசான காலத்தில் தனிமை என்று எண்ணி, மாத்திரை பெயர் விசாரித்துவைத்தாள். பிறகு ஒரு விடுமுறை நாளில் தானே வந்து பக்கத்தில் நின்றாள். கைநீளக் கெண்டை ஒன்று வந்தது. "என்னங்க, இன்னிக்கு நம்ம பொண்ணு தானாவே ஷூ லேஸ் கட்டிட்டா. ரெண்டும் வேற வேற முடிச்சு" என்றது. மகளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "எங்கிட்ட அம்மாவுக்கு வாய் ஓயாது தெரியுமா? பால்காரர்கிட்ட பேசுவாங்க, பஸ்ல பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட பேசுவாங்க. நீங்க உள்ள வந்தா மட்டும் சுவிட்ச் போட்ட மாதிரி நின்னுடும். உங்க ரெண்டு பேருக்கும் அதுதான் புடிக்கும்போலன்னு நான் நினைச்சேன். நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலியாப்பா?" அவர் முள்ளைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். முள் எப்போதோ கழன்றிருந்தது.

ஒழுங்கு இருப்பதைக் கண்டுபிடித்தவளும் மகள்தான். அதுவரை வந்த பேச்சுகளை எல்லாம் அப்பாவிடம் கேட்டு வரிசைப்படுத்திப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டில், பச்சைத் திரை, மூச்சு வாங்குவது, தன் கல்யாணம், தன் பரீட்சை, இப்போது ஷூ லேஸ். "பின்னாடி போயிட்டிருக்காங்கப்பா" என்றாள். அவர் தலையாட்டினார். அவருக்கும் தெரிந்தே இருந்தது. அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும். பழைய ஏரிக்கரையில் அவள் ஆரம்பித்த அந்தப் பேச்சில் போய் முடியும். அதற்கு முந்திய நாட்களில் அவள் நினைத்ததை எல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள், தண்ணீருக்கு அடியில் மிச்சம் வைக்கவில்லை. அந்த ஒரு மீனுக்காகத்தான் அவர் இத்தனை நாளும் காத்திருந்தார். அது வந்துவிட்டால் அதற்குப் பிறகு மீன்கள் மீன்களாகத்தான் இருக்கும்.

அந்த வாரத்தில் இருந்து அவர் முள்ளில் இரை வைப்பதை நிறுத்தினார். வெறும் முள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் ஏரி அவர் ஒருவருடையது இல்லை. சலூன்காரருக்கு ஒரு மீன் வந்து, குழந்தைக்குப் பேர் வைப்பதைப் பற்றிப் பேசியது. லிஃப்ட்காரர் அவரிடம் போய், கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் தூண்டில் போடாமல் இருக்க முடியுமா என்று கெஞ்சினார். "ஏரி என்ன உங்க அப்பா வீட்டுச் சொத்தா? கடைக்கும் ஆள் வர்றதில்ல, இதையும் விட்டா நான் என்ன சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காரறதா?" என்றார் சலூன்காரர். சுவர் என்ற சொல்லைக் கேட்டதும் லிஃப்ட்காரர் முகம் போன போக்கைப் பார்த்து, அவரே அன்று தூண்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பேக்கரி அம்மாதான் போகவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்கிற மாதிரி தண்ணீரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கென்னவோ பாவமா இருக்கு. அந்தம்மா வாயைத் திறந்துக்கிட்டு எத்தனை வருஷமா நிக்கறாங்க. ஒரு பேச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தா, இன்னும் கொஞ்சம் சும்மா இருன்னு இவர் இரை வைக்க மாட்டேங்கறார்." லிஃப்ட்காரர் தன் வலது கையைப் பார்த்தார். விரல் மடியில்தான் கிடந்தது. ஆனாலும் அது உதட்டுக்கு மேலே இருப்பதுபோல அவருக்குப் பட்டது.

மறுநாள் அவர் செருப்பை ரோட்டோரமே கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார். நாற்காலியைக் குழந்தையைக் கிடத்துவதுபோல வைத்தார். முள்ளில் ரொட்டியைக் குத்திப் போட்டார். வெயில் ஏறும் வரை ஒன்றும் இல்லை. உட்கார்ந்த இடத்தில் அவருக்குப் பல யோசனைகள் வந்தன. ஏதோ நோவு என்று சொல்ல வந்திருப்பாளோ, மாமியாரைப் பற்றிக் குறையோ, இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றோ. எதுவானாலும் கேட்டுக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார். தக்கை முழுகியது. இழுத்தார். கனமே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சுக் கெண்டை, சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு. அது மேலே வந்து வாயைத் திறந்தது. குரல் மிகவும் இளசாக இருந்தது, கொஞ்சம் வெட்கமும் இருந்தது. "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு நினைச்சேன். எனக்கும் ஒரு தூண்டில் வாங்கிக் குடுங்களேன். உங்க பக்கத்துல உக்காந்து நானும் போடறேன்."

அவ்வளவுதான். இந்தத் தடவை அவர் தாமதிக்கவில்லை. "வாங்கித் தர்றேன்" என்றார். உயிர் இருக்கும்போதே தண்ணீரில் விட்டார். அது போன இடத்தில் வளையம் விரிந்து விரிந்து கரையைத் தொட்டது. அதன் பிறகு அந்த ஏரியில் எந்த மீனும் பேசியதாகத் தகவல் இல்லை.

அன்று மத்தியானமே தூண்டில் கடைக்குப் போனார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டார். "வீட்ல உள்ளவங்களுக்கு. லேசானதா குடுங்க." கடைக்காரர் ஒன்றை எடுத்து, ரீலைப் பொருத்தப் போனவர் நிமிர்ந்து, "அவங்களுக்கு இடது கைப் பழக்கமா, வலது கைப் பழக்கமா? கைப்பிடியை அதுக்கேத்த மாதிரி மாத்தணும்" என்றார். அவள் வெங்காயம் நறுக்குவதை, துணி தைப்பதை, கதவைத் திறப்பதை எல்லாம் லிஃப்ட்காரர் நினைத்துப் பார்த்தார். அவளுடைய கைகள் வந்தன, எந்தக் கை என்பது மட்டும் வரவில்லை. கடைக்கு வெளியே வந்து மகளுக்குப் போன் செய்து கேட்டார். லைன் போய்விட்டதோ என்று அவர் காதில் இருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு, "இடது கைப்பா" என்று குரல் வந்தது.

கரையில் இரண்டாவதாக ஒரு நாற்காலியையும் போட்டு, அதன் முன்னால் அந்தத் தூண்டிலை நிறுத்திவைத்தார். அதன் தக்கை மாதக் கணக்கில் அசையவில்லை. அவருடையதில் மீன் வரும், அதில் வராது. பேக்கரி அம்மா இரையை மாற்றிப் பார்க்கச் சொன்னார், சலூன்காரர் இடத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார். ஒருநாள் நரம்பை இழுத்துக் கட்டும்போது லிஃப்ட்காரருக்கு விரல் கிழிந்துவிட, "சனியன் புடிச்ச முடிச்சு, அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்துலயும் இப்படித்தான் எனக்கு" என்று வாய்க்குள் முனகினார். இரண்டாவது தக்கை முழுகியது. அவர் பேச்சை நிறுத்தினார். தக்கை மேலே வந்து நின்றது. அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதினாறாவது மாடியில ஒரு தடவை கேபிள் அறுந்துபோச்சு. உங்கிட்ட நான் சொல்லல, நீ பயப்படுவேன்னு" என்றார். தக்கை மறுபடி போயிற்று.

இப்படித்தான் அவர் பேசக் கற்றுக்கொண்டார். முதலில் கஷ்டமாக இருந்தது, பழக்கம் இல்லாத வேலை. நாலு வார்த்தை பேசிவிட்டு மூச்சு வாங்குவார். பிறகு காலை முழுக்கப் பேச வந்துவிட்டது. அவளிடம் இருந்து பதில் என்று ஒன்றும் கிடையாது, நரம்பில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அந்தக் குரல் இனி வராது என்பது அவருக்குத் தெரியும். சில நாட்களில் இழுப்பு வந்த பிறகும் கோலை எடுக்காமல் காதைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், மோட்டார் அறைக்கு வெளியே நின்ற மாதிரி.

வருஷங்கள் போய்விட்டன. பேக்கரி கைமாறிவிட்டது, அந்த அம்மா மட்டும் வேறு கடை ரொட்டியோடு வருகிறார். கட்டடத்து லிஃப்ட் இன்னும் இரண்டாம் மாடியில் முனகுகிறது. அந்த ஏரியில் பேசினால்தான் மீன் கடிக்கும் என்பது இப்போது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரியாமல் வெளியூரில் இருந்து வந்து உதட்டில் விரல் வைப்பவர்களைப் பார்த்தால் சலூன்காரர், "அதெல்லாம் இங்க ஆகாது சார், வாயைத் திறந்து பேசுங்க" என்று அந்தக் கரையில் இருந்தே கத்துகிறார். நடப்பவர்கள் இரண்டாவது நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள், உட்கார்ந்திருப்பவரின் கால் தட்டிவிடக் கூடாது என்பதுபோல. போன வாரம் லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரியில் பையை எந்தக் கட்டிலின் மேல் வைத்தார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதியிலேயே இடது பக்கக் கைப்பிடி வைத்த தூண்டில் வில்லாக வளைந்தது, ரீல் கிறீச்சிட்டது, "லிஃப்ட்காரரே, அம்மா தூண்டில்ல பெருசு ஒண்ணு!" என்று கரையே கூவியது. அவர் திரும்பவில்லை. "இரு, இதைச் சொல்லி முடிச்சுடறேன்" என்றார். ரீல் நின்றது. அவர் சொல்லி முடிக்கும் வரை மீன் அங்கேயே நின்றது.